ஒட்டுக்குக் கீழே துளிர்த்தது

சனிக்கிழமை வருகிறேன் என்று லியோ சொன்ன நாளிலிருந்து ஜோஸ்லினுக்கு வீட்டில் ஒரு வேலையும் ஓடவில்லை. போன வாரம் அந்த போன் வந்தபோது அவனிடம் கேட்க அவளுக்குப் பத்துக் கேள்விகளாவது இருந்தன. ஆனால் கேட்டது, “மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துடுவீங்களா?” என்பதை மட்டும்தான். பதினோரு வருடம் குடும்பம் நடத்தியவளுக்குக் கணவனிடம் கேட்கக் கூச்சமில்லாத கேள்வி அது ஒன்றுதான் மிச்சமிருந்தது.

லியோ ஓசூருக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. வேலை மாற்றம் என்பது ஊருக்குச் சொன்ன காரணம். போத்தனூரில் தெருவில் கேட்டவர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் விசாரித்தவர்களுக்கும் அவள் அதைத்தான் சொன்னாள். கூடவே இருக்கும் மாமனார் தேவதாஸிடமும் அதையேதான் சொன்னாள். “உன்கூட இருந்தும் தனியாத்தான் இருக்கேன் ஜோ, அதுக்குத் தனியாவே இருந்துக்கறேன்” என்று லியோ சொல்லிவிட்டுப் போனதை, மனைவியைப் பறிகொடுத்து நாலு வருடமான எழுபத்தோரு வயது மனிதரிடம் எந்த வாயால் சொல்வது?

அவள் மறைத்தது இன்னொன்றும் உண்டு. அவள் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு வால்பாறையிலும் ஒரு கிளை இருக்கிறது. அங்கே தலைமையாசிரியையாக வரச் சொல்லி இரண்டு தடவை கேட்டுவிட்டார்கள். மாமாவைத் தனியே விட முடியாது என்று இரண்டு தடவையும் மழுப்பினாள். மூன்றாவது தடவை பள்ளித் தாளாளர் பாதர் பிரான்சிஸ் கூப்பிட்டு, திங்கட்கிழமை முடிவான பதில் வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

வால்பாறை அவள் பிறந்த ஊர். எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டில் வளர்ந்தவள். ஆனால் அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு அந்த லைன் வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். அங்கே போனாலும் தனிதான், இங்கே இருந்தாலும் தனிதான். இந்த வீட்டில் யாராவது ஒருவர் ‘நீ இங்கேயே இரு’ என்று சொன்னால் போதும், இருந்துவிடுவாள். அதைச் சொல்லத்தான் ஆளில்லை.

“ஏங்கண்ணு, சித்தெ வந்து ஏணியைப் பிடிக்கிறயா?”

பொடக்காணியிலிருந்து தேவதாஸின் குரல். குளியலறைக்கும் பின்பக்க மதிலுக்கும் நடுவில் இருக்கும் அந்தத் துண்டு நிலத்தைத்தான் அவர் பொடக்காணி என்பார். பொங்கல் முடிந்து கடைசிச் சாத்துக்குடியும் பறித்தாகிவிட்டது. இன்று மரத்துக்குக் கவாத்து, வேண்டாத கிளைகளைக் கழிக்கும் நாள்.

“வாரேனுங்க மாமா,” என்று குக்கரைக் குறைத்து வைத்துவிட்டுப் போனாள்.

அது சாதாரண மரம் இல்லை. தேவதாஸ் அரசாங்கப் பழப்பண்ணையில் முப்பத்தோரு வருடம் ஒட்டுக் கட்டியவர். காட்டு எலுமிச்சைக் கன்று ஒன்றை நட்டு, தன் கல்யாணத்தின்போது பெண் வீட்டுச் சாத்துக்குடியிலிருந்து ஒரு மொட்டு எடுத்து வந்து அதில் ஒட்டினார். மகள் டீனா திருச்சிக்கு வாழ்க்கைப்பட்டபோது மாப்பிள்ளை வீட்டு நார்த்தை அந்த மரத்தில் ஏறியது. லியோவுக்குப் பெண் பார்த்து முடித்ததும் சம்பந்தியிடம் அவர் கேட்ட ஒரே சீர், அவர்கள் லைன் கடைசியில் நின்ற கமலா ஆரஞ்சு மரத்தின் ஒரு குச்சி. ஜோஸ்லினின் அப்பா அதை ஈரச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு நாற்பது கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் இறங்கி வந்து கொடுத்தார்.

ஆரஞ்சுக்கென்று தேவதாஸ் அடிமரத்திலிருந்து ஒரு காட்டு எலுமிச்சைக் கிளையை விட்டுவைத்து, அதில் முழங்கால் உயரத்தில் ஒட்டினார். அந்தக் கிளையில் வருடத்துக்கு முப்பது நாற்பது பழம் வரும். மலைப்பழம் மாதிரி இனிக்காது. தோலை உரித்தால் மட்டும் அதே வாசனை வரும். முதல் பழத்தை உரித்த அன்று ஜோஸ்லின் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதாள். அழுதது வருத்தத்தினால் இல்லை.

தேவதாஸ் ஏணியில் நாலு படி ஏறி நின்றிருந்தார். கத்தரி கையில் இருக்கும்போது மட்டும் அவருக்குக் கை நடுங்காது.

“எங்க ஊர்ல கவாத்துன்னா தேயிலையை முழங்கால் உசரத்துக்குச் சீவிப்போடுவாங்க மாமா. நீங்க என்னடான்னா நுனி நுனியாக் கிள்ளறீங்க.”

“எலுமிச்சை சாதிக்கு நொம்பக் கத்தி ஆகாது கண்ணு. காஞ்சதை எடுக்கணும், ஒண்ணோட ஒண்ணு உரசறதை எடுக்கணும், உள்ளே சித்தெ வெளிச்சம் போகணும். அம்புட்டுத்தான்.”

நாளைக்கு இருபது வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர் இன்று என்னவோ ஓயாமல் பேசினார். வெட்டுவாயில் பூசும் பசைக்கு மயில்துத்தம் எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு என்றார். தண்ணீரைத் தூரில் ஊற்றாதே, கிளை நிழல் விழுகிற வட்டத்தில் ஊற்று என்றார். பங்குனியில் பூவெடுக்கும்போது இரண்டு நாள் மறந்தாலும் பூ கொட்டிவிடும் என்றார். ஜோஸ்லின் உம் கொட்டிக்கொண்டே இருந்தாள். நினைப்பெல்லாம் மத்தியானத்தில் இருந்தது.

சாத்துக்குடி முடிந்தது. நார்த்தை முடிந்தது. நீலப் பசையைத் தேங்காய் நாரால் தொட்டு வெட்டுவாய்களில் பூசினார். ஏணியை மடக்கிச் சுவரில் சாய்த்தார். ஆரஞ்சுக் கிளையின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“என்ற ஆரஞ்சை விட்டுட்டீங்களே மாமா.”

“அது கிடக்கட்டும். பொறவு பாத்துக்கலாம்.”

“பாதி காஞ்சு நிக்குது. ஆனா புதுசா வந்ததைப் பாருங்க, என்ன மாதிரி வந்திருக்குன்னு.”

அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை. ஆரஞ்சுக் கிளை காயத் தொடங்கிய போன ஜூனில், ஒட்டுக்கு ஒரு சாண் கீழே ஒரு துளிர் வந்தது. தேயிலைக்காட்டுப் பெண்ணுக்கு அதைப் பார்த்ததும் உயிர் வந்தது. கவாத்து வெட்டிய செடியில் அடியிலிருந்து வரும் தளிரை யாரும் தொட மாட்டார்கள். மேலே எது போனாலும் செடி அதிலிருந்துதான் திரும்ப எழும். அவளுடைய அம்மா தேயிலைக்காட்டில் நிரை பிடித்துக் கொழுந்து பறித்துப் போகும்போது அடித்தளிரைப் பார்த்து ஒதுங்கித்தான் கால் வைப்பாள்.

ஜோஸ்லின் அந்தத் துளிருக்கு மூங்கில் குச்சி நட்டாள். பழைய துப்பட்டாவைக் கிழித்துக் கட்டினாள். போர்வெல் தண்ணீர் உப்பு என்று, குழாயில் சிறுவாணித் தண்ணீர் வரும் நாளில் அதற்கென்று ஒரு குடம் பிடித்து வைத்தாள். எட்டு மாதத்தில் அது அவள் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டது. காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புமுன் அதனிடம் நின்று இரண்டு வார்த்தை பேசுவதும் வழக்கமாகிவிட்டது. யாரிடமாவது பேச வேண்டுமே.

தேவதாஸ் கத்தரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தார்.

“அது ஆரஞ்சு இல்லை கண்ணு.”

“என்னங்க மாமா?”

“ஒட்டுக்குக் கீழே வர்றது அடிமரத்தோடது. காட்டு எலுமிச்சை. முள்ளைப் பாரு, எம்புட்டு நீளம். இலையைக் கசக்கி மோந்து பாரு.”

அவள் கசக்கிப் பார்த்தாள். எலுமிச்சை வாசம்தான். இத்தனை நாளும் அதைத் தொட்டு, கட்டி, தண்ணீர் ஊற்றியவள் ஒரு தடவைகூட மோந்து பார்க்கவில்லை.

“அப்ப மேலே காயறது?”

“இது குடிச்சுப்போட்டு மிச்சம்தானே அதுக்கு ஏறும். கீழே இருக்கறவன் முதல்ல குடிச்சுடறான்.”

“உங்களுக்கு இது எப்பத் தெரியும்?”

அவர் கத்தரியை மதில்மேல் வைத்தார்.

“மாமா, எப்பத் தெரியும்?”

“முளைச்சப்பவே தெரியும்.”

ஜோஸ்லினுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. இந்த வீட்டுக்கு வந்த பதினோரு வருடத்தில் மாமனாரிடம் அவள் குரல் உயர்ந்ததில்லை. இப்போது உயர்ந்தது.

“முளைச்சப்பவே ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னங்க கேடு? ரெண்டு விரல்ல கிள்ளிப் போட்டிருப்பேனே. எங்கப்பா கொண்டாந்ததை நானே தண்ணி ஊத்திக் காயவச்சிருக்கேன். நீங்க பாத்துட்டு நின்னீங்க.”

“வெட்டலாம்னு ரெண்டு நாள் கத்தியோட வந்தேன் கண்ணு. ரெண்டு நாளும் நீ அதுங்கிட்டப் பேசிட்டு நின்னே. லியோ போன புதுசு. அதையும் வெட்டிப்போட்டா நீ யாருகிட்டப் பேசுவேன்னு விட்டுட்டேன்.”

அவளுக்குக் காது சுட்டது. பேசியதை எல்லாம் கேட்டிருக்கிறாரா? அதைவிட, ‘லியோ போன புதுசு’ என்று அவர் சொன்ன விதம் தைத்தது.

“அவரு வேலைக்குத்தானுங்க போயிருக்காரு.”

“ஆமாங்க கண்ணு. வேலைக்குத்தான்.”

அடுத்த வீட்டு மிக்சி ஓடி நின்றது.

“தெரியுமா மாமா?” என்றாள் ஜோஸ்லின்.

“கிறிஸ்துமஸுக்கு அவன் கேக்கைக் கூரியர்ல அனுப்பினானே, அன்னைக்கே போன் பண்ணிக் கேட்டேன். சொன்னான். நீயாச் சொல்றப்பக் கேட்டுக்கலாம்னு இருந்தேன்.”

நல்ல கூத்து. மாமாவுக்குத் தெரியக்கூடாது என்று அவள் நடித்தாள். தெரிந்தது தெரியக்கூடாது என்று அவர் நடித்தார். ஒரே கூரையின் கீழே இரண்டு பேரும் ஒருவர் மனதை ஒருவர் நோகடிக்காமல் தனித்தனியாக நொந்துகொண்டு இருந்திருக்கிறார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு எதிரெதிரே உட்கார்ந்து, ரசத்தில் உப்பு சரியா என்பதைத் தாண்டி ஒரு பேச்சும் இல்லாமல் கழிந்த எட்டு மாதத்தை நினைத்தபோது ஜோஸ்லினுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது.

“ரம்பத்தைக் குடுங்க,” என்றாள்.

அவளே அறுத்தாள். இரண்டு விரல் தடிமனுக்கு முற்றியிருந்தது. முள் முன்கையில் நீளமாகக் கீறியது. அடியோடு, கொஞ்சம்கூடக் குச்சி நிற்காமல் அறுத்து எறிந்தாள். பிறகு ஆரஞ்சுக் கிளையில் காய்ந்ததை மேலிருந்து ஒவ்வொரு சாணாக வெட்டிக்கொண்டே வந்தார் தேவதாஸ். வெட்டும் முன் நகத்தால் பட்டையைச் சுரண்டுவார். உள்ளே பழுப்பாக இருந்தால் வெட்டுவார். ஒட்டுக்கு நாலு விரல்கடை மேலே வந்த பிறகுதான் பச்சை தெரிந்தது.

பதினோரு வருடக் கிளையில் மிச்சம் நாலு விரல்கடை.

“பொழைக்குங்களா?”

“பங்குனிக்குத் துளிர்த்துச்சுன்னா பொழைச்சுக்கும். கீழே எது வந்தாலும் அப்பப்பக் கிள்ளிப்போடு. நீ பாத்துக்கோ.”

நீ பாத்துக்கோ என்று அவர் சொன்னது அவள் காதில் விழுந்தது. கோபத்தில் இருந்ததால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

லியோ ஒரு மணிக்கு வந்தான். இளைத்திருந்தான். தலையில் முன்பக்கம் நரை கூடியிருந்தது. சொந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரலாமா என்று நிற்பவனைப் பார்த்தபோது ஜோஸ்லினுக்குக் கோபம்கூட முழுதாக வரவில்லை.

“கையில என்ன காயம்?” என்றான்.

“முள்ளு.”

“மருந்து போட்டியா?”

“சாப்பிட வாங்க.”

மூன்று பேருக்கும் பரிமாறிவிட்டு அவளும் உட்கார்ந்தாள். தட்டப்பயறுக் குழம்பு, கோழி வறுவல். இரண்டும் லியோவுக்குப் பிடித்தவை. வேண்டும் என்று செய்யவில்லை, கை பழக்கத்தில் செய்துவிட்டது. அவன் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தான்.

“ஒண்ணாந்தேதிக்கு வண்டி சொல்லிட்டேம்பா. கட்டிலும் அலமாரியும் போதுமா, டிவியும் எடுத்துக்கலாமா?”

தேவதாஸ் தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை.

“எந்த வண்டிங்க?” என்றாள் ஜோஸ்லின்.

லியோ அவளையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான். “நீங்க சொல்லலியாப்பா? அப்பா என்கூட ஓசூர் வர்றாரு ஜோ. மூணு வாரம் முன்னாடியே பேசி முடிவு பண்ணிட்டோம். உன்கிட்ட அவரே சொல்றேன்னாரு.”

காலையில் ஏன் அவ்வளவு பேசினார் என்பது இப்போது விளங்கியது. சுண்ணாம்பு எவ்வளவு, தண்ணீர் எங்கே, பங்குனியில் என்ன செய்வது. கவாத்து செய்யவில்லை அவர், மரத்தை அவளிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

“வீட்டைப் பத்தி நீ கவலைப்படாத,” என்றான் லியோ. நல்லபடியாகத்தான் சொன்னான். “நீ இருக்கற வரைக்கும் இரு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

இருக்கற வரைக்கும் இரு. வாடகைக்கு வந்தவளிடம்கூட யாரும் இப்படிச் சொல்ல மாட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. அவள் லியோவைப் பார்க்கவில்லை.

“மாமா, உங்களுக்கு ஓசூர் போகணுமா?”

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“மூணு வாரமா இதையும் மனசுல வச்சுட்டு இருந்திருக்கீங்க. அதுவும் முளைச்சப்பவே தெரியும், இல்லீங்களா? வாயைத் தொறந்து சொல்லுங்க மாமா. போகணுமா?”

“போகணும்னு நான் நெனைக்கலை கண்ணு.” “என்னைப் பாத்துக்கறதுக்காக நீ இங்க கட்டுண்டு கிடக்கறேன்னு பட்டுது. என்ற மவனே வேண்டாம்னுட்டுப் போன பொறவு, நீ இருந்து எனக்குச் சோறாக்கிப் போடுன்னு கேக்க எனக்கு என்ன பாத்தியதை இருக்குது? நான் நகந்துட்டா உனக்கு வழி விட்ட மாதிரி இருக்கும்னு வாரேன்னு சொல்லிப்போட்டேன்.”

லியோ தண்ணீர் எடுத்துக் குடித்தான். இந்த வீட்டில் இனி எதையும் மூடி வைப்பதில்லை என்று ஜோஸ்லின் காலையில் ரம்பம் பிடித்தபோதே முடிவு செய்திருந்தாள். அவள் பங்குக்கும் ஒன்று பாக்கி இருந்தது.

“நானும் ஒண்ணு மறைச்சேனுங்க மாமா. வால்பாறை ஸ்கூலுக்கு என்னை ஹெட்மிஸ்ட்ரஸாக் கூப்பிடறாங்க. உங்களை விட்டுட்டுப் போக முடியாதுன்னு ரெண்டு தடவை தள்ளிப்போட்டேன். திங்கக்கிழமை கடைசி. இன்னும் பதில் சொல்லலை.”

“நல்லதாப் போச்சே,” என்றான் லியோ. அவன் முகத்தில் ஒரு பாரம் இறங்கியது வெளிப்படையாகவே தெரிந்தது. “உன் சொந்த ஊரு. மரியாதையான வேலை. இதுக்கு எதுக்கு யோசனை?”

தேவதாஸ் பாதிச் சோற்றில் எழுந்தார். கொல்லைப்பக்கக் குழாயில் வெகுநேரம் கை கழுவினார். மறுபடியும் ஊமையாகிவிட்டார் என்று ஜோஸ்லின் நினைத்தாள். ஆனால் அவர் திரும்பி வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“திங்கக்கிழமை என்ன சொல்லட்டும்னு நீ என்னைக் கேக்கலை கண்ணு. கேக்காம நானாச் சொன்னா அது மாமனார் போடற உத்தரவாயிரும். நீ போக ஆசைப்பட்டிருந்தா உன்ற காலைக் கட்டிப்போட்ட மாதிரி.” துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். “நீயாக் கேட்டா நான் மறைக்காமச் சொல்லுவேன். இனி எதையும் மறைக்க மாட்டேன்.”

கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்விதான். நான் இங்கேயே இருக்கட்டுங்களா மாமா? அதற்கு அவர் என்ன சொல்வார் என்பது அவருடைய கண்ணிலேயே இருந்தது. எட்டு மாதமாக அவள் எதற்குக் காத்திருந்தாளோ அது ஐந்தடி தூரத்தில் நின்றது.

லியோ எதிரே உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். வேண்டாம் என்று போன புருஷன் முன்னால், அவனுடைய அப்பாவிடம், இந்த வீட்டில் இருக்கட்டுமா என்று கேட்பதா? அப்படிக் கேட்டு இருப்பது இருப்பாகுமா, பிச்சை ஆகுமா? கேட்காவிட்டால் ஒண்ணாந்தேதி வண்டி வந்து நிற்கும் என்ற நினைப்பும் வந்தது.

ஒரு வார்த்தை சொல்ல என்ன கேடு என்று காலையில் கத்தியவள் இப்போது வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

தேவதாஸ் காத்திருந்தார். லியோ ஒரு தடவை தொண்டையைச் செருமினான். பிறகு, “சரிங்க கண்ணு,” என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

கட்டிலுக்கடியிலிருந்து அவர் பெட்டியை இழுக்கும் சத்தம் கூடம் வரை கேட்டது.